மழைக்குப் பின் கார் மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது: இரண்டு மாட்யூல் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

மடிப்பாக்கம்_மழை · செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கார் 2020 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்6, 41,000 கி.மீ. ஓடியது. ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. கதவின் அடிவிளிம்பு வரை ஏறியது. ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டி வைத்துத்தான் வெளியே எடுத்தோம், இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. உள்ளே கார்பெட் நனைந்திருந்தது. நான்கு நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்து உலர்த்தினேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறும்போது ஸ்பீடோமீட்டர் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், இன்ஜின் விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிந்தன. பத்து வினாடியில் தானாகவே சரியானது. அதிலிருந்து தினமும் ஒன்றிரண்டு முறை இப்படி ஆகிறது. இரண்டு நாள் காலையில் செல்ஃப் எடுத்தும் இன்ஜின் பிடிக்கவில்லை, மீட்டரில் சாவிப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது.

சர்வீஸ் சென்டரில் ஏபிஎஸ் மாட்யூலும் (பிரேக்கைக் கவனிக்கும் மின்னணுப் பெட்டி) பிசிஎம்மும் (பாடி கன்ட்ரோல் மாட்யூல், சாவியைச் சரிபார்ப்பது இதுதான்) போய்விட்டன என்று ரூ. 74,000க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு "கம்யூனிகேஷன் எரர் வருகிறது சார்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற கார் இது. நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்று இரவில் தூக்கம் வரவில்லை. பணத்தைக் கட்டிவிடலாமா?

ஈசிஆர்_ஓட்டி · செவ்வாய், இரவு 10.05

முதலில் பேட்டரியைப் பாருங்கள். எனக்கும் போன வருடம் இதே மாதிரி எல்லா விளக்கும் எரிந்தது. பேட்டரி மாற்றியதும் போய்விட்டது.

பழைய_பட்டறை · செவ்வாய், இரவு 11.20

மடிப்பாக்கம் தம்பி, எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ஈசிஆர் நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் 9க்குக் கீழே இறங்கினால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கிவிடும். பிறகு எழுந்து ஒன்றன்மேல் ஒன்று புகார் எழுதும். ஆனால் உங்களுக்கு மேம்பாலத்தில், இன்ஜின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கிற நேரத்தில் நடக்கிறது. பேட்டரி மேல் எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அளந்து எழுதுங்கள்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஸ்டீயரிங் விளக்கு எரிந்த அந்தப் பத்து வினாடியில் ஸ்டீயரிங் கனமானதா, வழக்கம்போல லேசாகத்தான் இருந்ததா?

எந்தெந்த மாட்யூலில் எந்தெந்தக் கோடு (பழுதுக் குறியீடு) பதிவாகியிருக்கிறது? கோடு எண் மட்டும் போதாது. அதை எழுதியது யார் என்றும் வேண்டும்.

வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோ, ஜிபிஎஸ் பெட்டி, ரிவர்ஸ் கேமரா ஏதாவது உண்டா?

மடிப்பாக்கம்_மழை · புதன், இரவு 8.15

நன்றி அண்ணா. ஸ்டீயரிங் கனமாகவே இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அதை யோசித்தேன். நான் எதுவும் கூடுதலாகப் போடவில்லை. பேட்டரி நிறுத்தியிருக்கும்போது 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.4, ஓடும்போது 14.1.

கோடு பார்க்க ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் டாங்கிளை மாட்டினேன். ஒன்றும் காட்டவில்லை.

பழைய_பட்டறை · புதன், இரவு 8.50

அந்த மலிவான டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் ஈசிஎம்மோடு (இன்ஜினைக் கவனிக்கும் மாட்யூல்) மட்டும்தான் பேசும். ஏபிஎஸ், பிசிஎம், மீட்டர் எதையும் திறந்து பார்க்காது. எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டாகப் பார்த்துப் போங்கள். பழுது வரும்போது ஒரு முறை, சரியாக இருக்கும்போது ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விடை இருக்கும். கோடுகளை அழிக்க விடாதீர்கள், போட்டோ எடுத்த பிறகு அழிக்கலாம்.

தாமிரக்கம்பி · புதன், இரவு 10.30

பட்டறை சார் ஏன் "எழுதியது யார்" என்று கேட்டார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவள், கார் மெக்கானிக் அல்ல.

காரில் உள்ள மாட்யூல்கள் பேசிக்கொள்வது கேன் என்ற முறையில். பாஷ் நிறுவனத்தில் 1983இல் இந்த வேலையைத் தொடங்கினார்கள், 1986இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து வயரிங் பருத்துக்கொண்டே போனதுதான் காரணம். இதில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டே கம்பிகள், கேன் ஹை, கேன் லோ. ஒன்றோடொன்று முறுக்கி இருக்கும்.

யாரும் பேசாதபோது இரண்டு கம்பியிலும் 2.5 வோல்ட். ஒரு மாட்யூல் பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இக்னிஷன் காயிலிலிருந்து இரைச்சல் வந்தால் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் மாறாது. முறுக்கு இருப்பது அழகுக்காக அல்ல.

கம்பியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். தெப்பக்குளத்தில் கல் போட்டால் அலை படிக்கட்டில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையைக் கலைக்கும். மெரினாவில் மணல் சரிவில் ஏறுகிற அலை அங்கேயே அடங்கிவிடும். சிக்னலுக்கு அந்த மணல் சரிவுதான் 120 ஓம். இரண்டு 120ஐ இணையாகப் போட்டால் 60. இந்த 60 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டறை சார் அடுத்து இதற்குத்தான் வருவார் என்று நினைக்கிறேன்.

இப்போது கோடு. "யு" என்று தொடங்கும் கோடுகள் எல்லாம் தகவல் தொடர்பு பற்றியவை. யு0121 என்றால் "ஏபிஎஸ்ஸிடமிருந்து எனக்குச் செய்தி வரவில்லை" என்று இன்னொரு மாட்யூல் எழுதிய புகார். ஏபிஎஸ் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரியம்மாவுக்குப் போன் போட்டு எடுக்கவில்லை என்றால் அவர் வீட்டில் இல்லாமல் இருக்கலாம், லைன் அறுந்திருக்கலாம், நம் போனிலேயே கோளாறு இருக்கலாம். உடனே பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்ட மாட்டோம் இல்லையா?

சர்வீஸ்_பே_7 · வியாழன், காலை 7.10

நான் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலை பார்க்கிறேன், மேலே சொன்ன சென்டர் அல்ல. எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரில் கப்ளரை (கம்பிகள் சேரும் இணைப்பு) சுத்தம் செய்து கொடுத்துவிட்டால் இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் அரித்துத் திரும்பி வரும். 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு எங்கள் சென்டரில் அப்படி வந்த கார்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாடிக்கையாளர் எங்களைத்தான் திட்டுவார். மாட்யூல் மாற்றினால் அதற்கு வாரண்டி உண்டு. தண்ணீர் கம்பியின் உறைக்குள்ளேயே நூலிழை வழியாக ஏறி, மேலே உலர்ந்த இடத்தில் இருக்கிற மாட்யூலுக்குள் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு காருக்கு ஒதுக்குகிற நேரத்தில் ஹார்னெஸ் (கம்பிக் கட்டு) முழுக்கத் தேட முடியாது. இதுதான் உண்மை.

பழைய_பட்டறை · வியாழன், காலை 9.30

தம்பி, நூலிழை வழியாகத் தண்ணீர் ஏறும் என்று சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் அவசரமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் தேடச் சொல்வது ஹார்னெஸ் முழுவதையும் அல்ல. ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டுகிற இடம்) மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்காமல் டயாலிசிஸுக்கு ஆள் போகிற வீட்டில் ரூ. 74,000 கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புது மாட்யூல் போட்ட பிறகும் அதே பச்சை பூத்த கப்ளரில்தானே சொருகப் போகிறோம்?

மடிப்பாக்கம்_மழை · வெள்ளி, மாலை 6.45

கீழ்க்கட்டளையில் ஒரு ஷெட்டில் ஸ்கேன் செய்தேன். ரூ. 800 வாங்கினார். நல்ல மனிதர், அரை மணி நேரம் பழுதுக்காகக் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார்.

பழுது இருக்கும்போது ஸ்கேனர் பிடித்தது இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டீயரிங் மூன்றை மட்டும். பிசிஎம், மீட்டர் இரண்டும் "பதில் இல்லை".

சரியானதும் ஐந்தும் வந்தன. இன்ஜினில் யு0140, யு0155. ஏபிஎஸ்ஸில் யு0140. ஸ்டீயரிங்கில் யு0140. பிசிஎம்மில் யு0100, யு0121. மீட்டரில் யு0100, யு0121, யு0131.

பழைய_பட்டறை · வெள்ளி, இரவு 9.00

தம்பி, பாதி வேலை முடிந்துவிட்டது. இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள்.

0100 என்றால் இன்ஜின், 0121 ஏபிஎஸ், 0131 ஸ்டீயரிங், 0140 பிசிஎம், 0155 மீட்டர். இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டீயரிங் மூவரும் பிசிஎம்மைக் குறை சொல்கிறார்கள், இன்ஜின் மீட்டரையும் சேர்த்துச் சொல்கிறது. பிசிஎம்மும் மீட்டரும் அந்த மூவரைக் குறை சொல்கிறார்கள். ஆனால் ஏபிஎஸ்ஸைப் பற்றி இன்ஜின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிசிஎம்மைப் பற்றி மீட்டரும் சொல்லவில்லை. ஒரே கட்சிக்குள் சண்டையே கிடையாது. அப்படியென்றால் ஏபிஎஸ்ஸும் நன்றாக இருக்கிறது, பிசிஎம்மும் நன்றாக இருக்கிறது. இரண்டு கட்சிக்கும் நடுவில் உள்ள பாதைதான் அறுந்து அறுந்து சேர்கிறது. ஓபிடி சாக்கெட் இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் பழுது வரும்போது ஸ்கேனருக்கு அந்த மூவர் மட்டும் கிடைத்தார்கள்.

ஸ்டீயரிங் கனமாகாததும் இதனால்தான். ஸ்டீயரிங் மாட்யூலுக்கு ஏபிஎஸ்ஸிடமிருந்து வேகம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் செய்தி மீட்டருக்குக் கேட்கவில்லை, கேட்காததால் மீட்டர் விளக்கைப் போட்டுவிட்டது. காலையில் இன்ஜின் பிடிக்காததும் அப்படித்தான். சாவியைச் சரிபார்த்து பிசிஎம் கொடுக்கிற அனுமதி இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை.

இனி அளந்து உறுதி செய்யலாம். பேட்டரி மைனஸைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பேட்டரி இருக்கும்போது ஓம் பார்த்தால் கம்பியில் இருக்கிற வோல்ட் மல்டிமீட்டரைக் குழப்பி வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். ஓபிடி சாக்கெட்டில் 6ஆவது பின் கேன் ஹை, 14ஆவது கேன் லோ. இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். மல்டிமீட்டர் முனையை சாக்கெட்டுக்குள் திணிக்காதீர்கள். துளை விரிந்துவிடும், அப்புறம் ஸ்கேனரே சரியாக உட்காராது. மெல்லிய குண்டூசியை அலிகேட்டர் கிளிப்பில் பிடித்து மெதுவாக விடுங்கள், இரண்டு ஊசியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொட வேண்டாம், அது ஏர்பேக்.

60 வந்தால் பாதை முழுசாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டன. முதலில் 60 வந்தால் விட்டுவிடாதீர்கள், டிரைவர் காலடியில் வலது ஓரமாகப் போகிற ஹார்னெஸை மெதுவாக அசைத்துக்கொண்டே பாருங்கள்.

தாமிரக்கம்பி · வெள்ளி, இரவு 9.40

ஒரு சின்னச் சேர்க்கை. வேறு கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 60 வரவில்லை என்று பயப்படாதீர்கள். பல புதிய கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள் வயரிங்குக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் உண்டு. அங்கே சாக்கெட்டில் தெரிவது கேட்வே வரைக்குமான கம்பி மட்டும்தான். உங்கள் காரின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

டாக்ஸி_தாம்பரம் · சனி, காலை 6.20

அண்ணே, குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கணும். என் வண்டியில் எப்போதாவது ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறது. நீங்கள் சொன்னபடி பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், 40 ஓம் வருகிறது. அது எந்தக் கணக்கு?

மடிப்பாக்கம்_மழை · சனி, மதியம் 2.10

காலையில் ரிச்சி தெருவுக்குப் போய் மல்டிமீட்டரும் கிளிப்பும் வாங்கி வந்தேன். அளந்ததும் 60.3. மனசு விட்டுப்போனது. பிறகு காலடி ஹார்னெஸை அசைத்தேன். 60.3, 60.3, சட்டென்று 119.8. கையை எடுத்தால் மறுபடி 60. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அப்படியே. கை நடுங்கியது.

ஆனால் இது எந்தப் பக்கத்து 120 என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_பட்டறை · சனி, மதியம் 2.35

ஹார்னெஸை 119.8 காட்டுகிற நிலையிலேயே ஒரு கேபிள் டை போட்டு நிறுத்துங்கள். இப்போது இன்ஜின் ஈசிஎம் கப்ளரைக் கழற்றுங்கள், பேட்டரி மைனஸ் கழன்றே இருக்கட்டும். மல்டிமீட்டர் ஓஎல் (இணைப்பே இல்லை) என்று காட்டினால், மிச்சம் இருந்த 120 இன்ஜின் பக்கத்துடையது. காணாமல் போனது மீட்டர் பக்கம்.

மடிப்பாக்கம்_மழை · சனி, மாலை 3.20

ஓஎல்.

மடிப்பாக்கம்_மழை · ஞாயிறு, இரவு 8.30

முழு விவரம். கீழ்க்கட்டளை ஷெட்காரரிடமே போனேன். மேலே எழுதியதையெல்லாம் அவரும் படித்துவிட்டார். சீட்டையும் டிரைவர் பக்கக் கார்பெட்டையும் தூக்கினோம். மேலே தொட்டால் காய்ந்திருக்கிறது. அடியில் இருக்கிற பஞ்சுத் தகடு பிழிந்தால் தண்ணீர் வருகிறது, ஒரு மாதம் கழித்தும்! நான்கு நாள் வெயிலில் உலர்த்தினேன் என்று எவ்வளவு நம்பிக்கையாக இருந்தேன்.

வலது ஓரத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் வெள்ளைக் கப்ளர் ஒன்று, முன்பக்க ஹார்னெஸும் டாஷ்போர்டு ஹார்னெஸும் சேருகிற இடம். பிரித்தால் நான்கு பின்களில் பச்சைக் களிம்பு. அதில் ஒன்று கேன் லோ. அதன் பெண் டெர்மினல் பாதி அரித்துப்போய், ஒரு நூல் அளவுக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அதே இடத்தில் பாடியில் போல்ட் போட்ட எர்த் ஒன்றும் துருப்பிடித்திருந்தது. அதையும் சுரண்டி இறுக்கினார்.

நான்கு டெர்மினலும் புதிது போட்டு கிரிம்ப் செய்தார் (கம்பியோடு அழுத்திப் பிடிக்க வைத்தார்). சால்டர் வைக்கலாமா என்று கேட்டேன். சால்டர் ஏறிய கம்பி விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும் என்றார். கம்பியை வெட்டிய இடத்தில் பச்சையாக இருந்ததால், பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை வெட்டிக்கொண்டே போனார். கிட்டத்தட்ட 12 செ.மீ. போனது. புதுத் துண்டு சேர்த்து, பழைய முறுக்கு எவ்வளவு இருந்ததோ அதே அளவு முறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினார். மொத்தம் ரூ. 2,600. பஞ்சுத் தகட்டை மொட்டைமாடியில் காய வைத்திருக்கிறேன்.

ஓம் 60.2, அசைத்தாலும் 60.2. பேட்டரி மாட்டி சாவி போட்டால் ஹை 2.66, லோ 2.35.

சர்வீஸ்_பே_7 · ஞாயிறு, இரவு 9.15

நல்ல வேலை செய்திருக்கிறார். கம்பியைப் பளபளப்பு வரும் வரை வெட்டியதுதான் முக்கியம். அதைச் செய்யாமல் டெர்மினல் மட்டும் மாற்றியிருந்தால் நான் முதலில் சொன்னது நடந்திருக்கும். ஆனாலும் என் எச்சரிக்கையை வாபஸ் வாங்க மாட்டேன். பிசிஎம் கப்ளரையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மாதம் ஒரு முறை ஓம் அளந்து இங்கே எழுதுங்கள். எண் மெதுவாக ஏறினாலே போதும், அரிப்பு நகர்கிறது என்று அர்த்தம்.

ஈசிஆர்_ஓட்டி · ஞாயிறு, இரவு 9.50

சந்தோஷம் நண்பரே. திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறேன், உப்புக்காற்று. வெள்ளமே வராமல் எனக்கும் இந்தக் களிம்பு வருமா? புதுப்பேட்டையில் பழைய பிசிஎம் ரூ. 6,000க்குக் கிடைக்கிறது என்றார்கள், எதற்கும் ஒன்று வாங்கி வைக்கலாமா?

பழைய_பட்டறை · திங்கள், காலை 8.00

ஈசிஆர் நண்பரே, உப்புக்காற்றுக்கு முதலில் போவது பானெட்டுக்குள் இருக்கிற எர்த் போல்ட்டுகள்தான். ஹெட்லைட் போட்டு ஏசியையும் ஓட விட்டு, பேட்டரி மைனஸ் முனைக்கும் பாடிக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1க்கு மேல் வந்தால் சுரண்டி இறுக்க வேண்டும். பழைய பிசிஎம் வாங்கி வைக்காதீர்கள். அதில் வேறொரு காரின் சாவிதான் பதிந்திருக்கும். உங்கள் காரில் மாட்டினால் இன்ஜின் எழாது, கோடிங் செய்ய மறுபடி அலைய வேண்டும்.

தாம்பரம் தம்பி, உங்களை மறக்கவில்லை. 40 என்றால் மூன்று 120 இணையாக இருக்கிறது. காரில் வந்தது இரண்டு, மூன்றாவதை யாரோ வெளியிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள். வண்டி ஓடும், ஆனால் சிக்னலின் உயரம் குறையும், எப்போதாவது செய்தி தவறும். ஓபிடி சாக்கெட்டின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். டிராவல்ஸில் டிராக்கர் பெட்டி ஏதாவது ஒட்டிக் கொடுத்தார்களா?

டாக்ஸி_தாம்பரம் · திங்கள், மதியம் 1.45

ஆமாம் அண்ணே, ஒய் மாதிரிப் பிரிகிற கம்பியில் ஒரு கறுப்புப் பெட்டி, சாக்கெட்டுக்கு மேலே டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கழற்றிவிட்டு அளந்தேன், 60.1. பெட்டி வைத்தவருக்குப் போன் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்கிறார், இந்த எண்ணை அவரிடம் காட்டப் போகிறேன்.